ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால்...

இடம்பெயர்ந்த விவசாயிக்கு அடுப்பு ஓரிடம், வயல் வேறோரிடம். அறுகம்பேயைச் சுற்றியுள்ள கரையோரத்தில் இந்தத் தூரம் ஒரே தடவையில் உண்டானதல்ல. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களின்போது பொத்துவில் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கே திருக்கோவில் பக்கம் ஒதுங்கின. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பார்க்காமல் கரையோரக் குடியிருப்புகளை அள்ளிச் சென்றது. 2010 இல் பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல ஆகிய இடங்களில் பயிர்செய்து வந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. காரணங்கள் வெவ்வேறு, விளைவு ஒன்றே. காணிக்குப் போக ஒரு வாகனம் வேண்டும்.

அந்த வாகனம் பெரும்பாலும் ஒரு பழைய கெப் வண்டி. விதை நெல்லும் பசளையும் அதில்தான் போகின்றன. வேலைக்குச் செல்லும் ஆட்களும் அதில்தான் ஏறுகிறார்கள். அறுவடையும் அதிலேயே திரும்பி வருகிறது. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் அதுவே ஆஸ்பத்திரி வண்டி. அறுவடைக் காலத்தில் அது கராஜில் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வியாபாரி களத்துக்கே லொறி கொண்டு வருவார். அவர் சொல்வதே விலை. வண்டி நிற்கும் நாளில், நாம் விலை பேசும் பலமும் நின்றுவிடுகிறது.

ஆகவே, கியர் பெட்டியைப் பற்றியும் கிளச்சைப் பற்றியும் இவ்விதழில் எழுதுவதை யாரும் வியப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இதுவும் அபிவிருத்தி பற்றிய விடயமே.

வண்டிகள் ஏன் முதுமையடைந்தன?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை பெரிதும் ஏறியது. 2022 இன் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாகியது.

இந்நிலையில், இருக்கும் வண்டியை ஓடவைப்பதைவிட வேறு வழி நம்மவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் வண்டியைக் கூட்டாக வைத்திருக்கும் குழுக்களில் நாம் அடிக்கடி காண்பது என்ன? கிளச் போகிறது; மாற்றுகிறார்கள். சில மாதங்களில் மீண்டும் போகிறது, மீண்டும் மாற்றுகிறார்கள். மூன்றாம் முறை ஓட்டுநர் மீது சந்தேகம் எழுகிறது, பிறகு கராஜ் பாஸ் மீது எழுகிறது. குழுவுக்குள் மனக்கசப்பு வருகிறது. ஈற்றில் வண்டி வேலியோரம் நிற்கிறது, கடன் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது.

ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது விதியல்ல. உடைந்த பொருள் மாற்றப்பட்டது. அதை உடைத்த காரணம் மாற்றப்படவில்லை என்பதே அதன் பொருள்.

வாய்க்கால் வழியே நடப்போம்

வயலில் தண்ணீர் இல்லையென்றால் நாம் உடனே குளம் வற்றிவிட்டது என்று சொல்வதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். வண்டியும் அப்படித்தான். இயந்திரம் குளம். கிளச், திறந்து மூடும் மதகு. கியர் பெட்டி, எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் இடம். அதிலிருந்து பின்னால் செல்லும் நீண்ட தண்டு வாய்க்கால். பின்சக்கரங்களின் நடுவேயுள்ள டிப்ரன்சியல் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கிறது. சக்கரங்களே வயல்.

இயந்திரம் முழங்குகிறது, வண்டி நகரவில்லை என்றால் குளம் நிறைந்திருக்கிறது, மதகில் கோளாறு. புறப்படும்போது பின்னால் 'டொக்' என்று அடித்தால், தண்டின் முனையிலுள்ள குரொஸ் தேய்ந்திருக்கலாம். வேகம் ஏற ஏற ஊளைச் சத்தம் கூடினால் டிப்ரன்சியலையோ சக்கர பெயாரிங்கையோ பார்க்க வேண்டும். எந்தச் சத்தம், எந்த வேகத்தில், பாரத்தோடா, பாரமில்லாமலா என்று குறித்துச் சொல்லத் தெரிந்தவர்களின் வேலையைப் பாஸ் பாதி நேரத்தில் முடித்துவிடுவார்.

கிளச் ஏன் மீண்டும் மீண்டும் எரிகிறது?

முதலில் ஒரு சோதனை. சமதரையில், வண்டிக்கு முன்னால் ஒருவரும் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை இறுக்கிப்பிடித்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். இயந்திரம் அடங்கி நின்றால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், பிளேட் சூடேறும்.

வழுக்கும் பிளேட்டைக் கழற்றியதும் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால், இயந்திரத்தின் பின்பக்க ஒயில் சீலோ கியர் பெட்டியின் முன் சீலோ கசிகிறது. அந்தச் சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். சீல் சிறு விலைப் பொருள். ஆனால் அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்க வேண்டும். இறக்கியிருக்கும்போதே மாற்றிவிட்டால் கூலி ஒன்றுதான். பிளைவீலின் முகம் நீலம் பாய்ந்தோ வெடித்தோ இருந்தால் அதையும் லேத்தில் கொடுத்துச் சீர்செய்ய வேண்டும்.

பிளேட் உலர்ந்து தேய்ந்திருந்தால் காரணம் வேறு. பெடலில் சிறிது வெற்றசைவு இல்லாமல் இறுக்கி வைத்திருக்கலாம். ஓட்டும்போது பெடலின் மேல் கால் ஓய்வெடுத்திருக்கலாம். அல்லது பாரம் மிஞ்சியிருக்கலாம். ஒரு டொன் சுமக்கச் செய்த வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மூடை 65 கிலோ என்று கணக்கிட்டால் 15 மூடைகள் 975 கிலோ. அதில் 25 மூடை ஏற்றினால் 1,625 கிலோ. ஒரு நடையை மிச்சம்பிடிக்க ஏற்றிய அந்தப் பத்து மூடை, கிளச்சையும் பின் அச்சையும் பிரேக்கையும் சேர்த்தே தின்கிறது.

கியர் பெட்டியின் முறைப்பாடுகள்

பின் கியர் போடும்போது கரகரவென்று அரைத்தால் எல்லாரும் கியர் பெட்டியைத்தான் குற்றம் சொல்வார்கள். பல வேளைகளில் கிளச் முழுமையாக விலகாததே காரணம். பெடலிலிருந்து வரும் குழாயில் திரவம் குறைந்திருக்கிறதா, கீழுள்ள சிறிய சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் விடுவது பிரேக் ஒயில். வேறு ஒயிலை அதில் விட்டால் உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்று வந்தால், பெட்டியைப் பிரிக்குமுன் அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து பெட்டி ஆடுவதும் அதற்கு ஒரு காரணம்.

கியர் ஒயிலிலும் கவனம் தேவை. ஜீஎல்-4, ஜீஎல்-5 என்று இரண்டு தரங்கள் பொதுவாகக் கிடைக்கின்றன. ஐந்து பெரியது என்பதால் அதுவே நல்லது என்று எண்ணக்கூடாது. ஜீஎல்-5 டிப்ரன்சியலுக்கு ஏற்றது. பழைய கியர் பெட்டிகள் பலவற்றில் உள்ள பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு அது ஒவ்வாது. கியர் மாறுவது கடினமாகி வளையங்களும் கெடும். வண்டியின் கைந்நூலில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

அளவு பார்ப்பது எளிது. பெட்டியின் பக்கவாட்டிலுள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றினால் ஒயில் துவாரத்தின் விளிம்புவரை நிற்க வேண்டும். ஒயில் மாற்றும்போது முதலில் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதன்பின்னரே கீழ்ப் பிளக்கைத் திறவுங்கள். மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒயில் இல்லாத வண்டியோடு நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

நமது கரையின் மூன்று பகைவர்

உப்பு, நீர், மணல் ஆகிய மூன்றும் அறுகம்பே முதல் பாணமைக்கு அப்பாலுள்ள மண் வழிகள்வரை வண்டியைத் தொடர்கின்றன.

ஓடிச் சூடான டிப்ரன்சியல் தண்ணீரில் இறங்கியவுடன் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மேலேயுள்ள சிறு மூச்சுத் துவாரம் சேற்றால் அடைத்திருந்தால், தேய்ந்த சீல்கள் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில நாட்களில் கியர் ஒயில் பால் தேநீரின் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தைக் கண்டால் ஒயிலை உடனே மாற்றுங்கள். ஓட ஓட பெயாரிங்குகள் துருப்பிடித்துப் போகும். மாரி முடிந்ததும் கியர் பெட்டி, டிப்ரன்சியல் இரண்டின் ஒயிலையும் பார்ப்பது குழுவின் வழக்கமாக வேண்டும். மீன் பெட்டி ஏற்றிய நாளிலும் கடற்கரையில் இறங்கிய நாளிலும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தண்டின் குரொஸ்களுக்குக் கிறீஸ் அடிக்க வேண்டும்.

மணலில் புதைந்தால் கிளச்சை அரைகுறையாக மிதித்து இயந்திரத்தை அலறவிடுவதே பிளேட்டை எரிக்கும் நேர்வழி. டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன் மணலை வாரி, தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்றை மீண்டும் நிரப்புங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகளில், காய்ந்த தார் வீதியில் அந்த இழுவையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிடின் வளைவுகளில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிப் பற்களை உடைக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு-மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோது, மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அத்துயரம் நம் அனைவருக்கும் பாடமாக இருக்கட்டும். வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக்கூடாது. யானை நடமாடும் லாகுகலை, பாணமை வழிகளில், சந்தேகமான வண்டியோடு மாலையில் புறப்படவும் கூடாது.

கராஜில் கேட்க வேண்டியவை

கராஜ் பாஸை எதிரியாகப் பார்ப்பது தவறு. அவரும் வியர்வை சிந்தி உழைப்பவர். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்பது நமது உரிமை. எந்தப் பாகம் போனது? ஏன் போனது? இறக்கும்போது அருகிலுள்ள எந்தச் சீலையும் பெயாரிங்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? புதிய பாகம் அசலா, போலியா, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பாவித்த பாகமா? பாவித்த கியர் பெட்டி வாங்குவது தவறல்ல. ஆனால் வண்டியில் ஏற்றுமுன் சீல்களை மாற்றி, ஒயிலை வடித்து, அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வடக்கில் 1990க்குப் பின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரம் எப்படி வேலைசெய்கிறது என்று சாதாரண மக்கள் அறிந்திருந்ததால்தான் அது நடந்தது. அறிவு ஒருவரிடம் மட்டும் இருந்தால் நாம் அவரில் தங்கியிருப்போம். பலரிடம் இருந்தால் அது சமூகத்தின் சொத்து.

கொப்பியும் உண்டியலும்

ஒவ்வொரு குழுவும் வண்டிக்கு ஒரு கொப்பி வைக்கட்டும். திகதி, ஓடிய கிலோமீற்றர், ஏற்றிய பாரம், கேட்ட சத்தம், மாற்றிய பாகம், கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதட்டும். ஒரே பாகத்தின் பெயர் இரண்டாம் முறை வந்தால், பணம் கொடுக்குமுன் குழு கூடிக் காரணம் கேட்க வேண்டும். யார்மீதும் பழிபோட அல்ல. கொப்பி பேசினால் மனிதர்கள் சண்டையிடத் தேவையில்லை.

அதோடு, ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிறு தொகையைப் பழுதுபார்ப்புக்கென ஒதுக்குங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தி காட்டும் வழி. வண்டி வாங்குவதோடு கணக்கு முடிவதில்லை.

இடம்பெயர்ந்த நம் மக்களுக்கும் இதே அநுபவம் உண்டு. கூரை போனது, தகரம் தந்தார்கள். மீண்டும் போனது, மீண்டும் தந்தார்கள். ஏன் போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. வண்டியிடம் காரணம் கேட்கப் பழகும் குழு, காணிக் கந்தோரிலும் அதே நிதானத்தோடு காரணம் கேட்கும். கியர் பெட்டியின் கீழே படுத்துக் கற்றுக்கொள்வது அங்கும் பயன்படும்.

குழுவில் கலந்துரையாட

1. கடந்த ஈராண்டில் நமது வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றிய பாகம் எது? அதன் காரணம் கண்டறியப்பட்டதா?

2. கியர் ஒயிலின் அளவைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நமது குழுவில் எத்தனை பேர்? பெண்களும் இளைஞர்களும் அவர்களுள் இருக்கிறார்களா?

3. எத்தனை மூடைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நாம் முடிவுசெய்திருக்கிறோமா? அவசரம் என்று யாராவது கேட்டால், அந்த முடிவைக் காப்பவர் யார்?