நத்தார் தாத்தா எங்கிருந்து வந்தார்?

டிசெம்பர் பிறந்ததும் பதுளை, பண்டாரவளைக் கடை வாசல்களில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக நத்தார் தாத்தா வந்து நின்றுவிடுவார். நமது சிங்கள அயலவர் அவரை 'நத்தல் சீயா' என்பர். இரண்டும் ஒன்றே. 'நத்தார்' என்பதே போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். ஊவாவில் அது வடகீழ்ப் பருவ மழைக்காலம். பனியில் சறுக்கி வரும் வண்டியும் கலைமானும் எமது மலைகளுக்கு உரியவை அல்ல. அப்படியானால் இவர் எந்த ஊர்க்காரர் என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் பலரும் வடதுருவம் என்று சொல்லிவிடுவர்.

அவரது ஊர் துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா என்னும் பட்டினம். 4ஆம் நூற்றாண்டில் அங்கு ஆயராக இருந்த நிக்கலஸ் என்பவரே அவர். அவரது வாழ்வு பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. ஆனால் அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் எழுதப்பட்ட ஒரு கதை நிலைத்துவிட்டது.

நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். சீதனம் இல்லை, ஆகவே திருமணமும் இல்லை. பசி தாங்காமல் பிள்ளைகளை இழிதொழிலுக்கு விற்கத் தகப்பன் துணிந்தார். இதைக் கேள்விப்பட்ட நிக்கலஸ், தமது பெற்றோர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஒரு பை பொன்னை இரவில் யன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போனார். மூத்தவளுக்குத் திருமணம் நடந்தது. அதுபோலவே இரண்டாமவளுக்கும். மூன்றாம் முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய் அவரைப் பிடித்துவிட்டார். "நான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொல்லாதே" என்பதே நிக்கலஸ் கேட்ட ஒரே கைம்மாறு. பொன் காயப்போட்ட காலுறைக்குள் விழுந்தது என்று பின்னால் வந்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள்.

1087இல் இத்தாலிய மாலுமிகள் அவரது எலும்புகளைப் பாரி நகருக்குக் கொண்டுபோனதும் மேற்கில் அவர் புகழ் பெருகியது. ஒல்லாந்தர் அவரைச் 'சிந்தர்கிளாஸ்' என்றனர். அமெரிக்காவில் அது 'சாந்தா குளோஸ்' ஆயிற்று. 1823இல் நியூயோர்க் மாநிலப் பத்திரிகையொன்றில் வெளியான கவிதை எட்டுக் கலைமான்களைத் தந்தது. 1863 முதல் தோமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அவரை வரைந்தார். சிவப்பு உடை கொக்கா கோலாவின் கண்டுபிடிப்பு என்பார்கள், அது சரியல்ல. அந்தக் கம்பனியின் விளம்பரங்களுக்கு முன்னரே அவர் சிவப்பு அணிந்திருந்தார். விளம்பரம் அதை உலகெங்கும் பரப்பியது, அவ்வளவுதான்.

இத்தனை மாற்றத்தில் தொலைந்துபோனது அந்த இரவுப் பைதான் என்று நாம் நினைக்கிறோம். தோட்ட மக்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. எமது முன்னோருக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் கடன். தோட்டத்தில் கொடுத்த கம்பளியும் பற்றில் எழுதப்பட்டது. அந்தக் கடனைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தீபாவளிக்கும் நத்தாருக்கும் கொடுக்கப்படும் பண்டிகை முற்பணமும் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படுவதே. கையில் வாங்கும்போது இனாம் போல் இருக்கும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

மூன்று பெண்பிள்ளைகளின் கதையும் தூரத்துக் கதையல்ல. சீதனமும் கடனும் நெருக்க, எத்தனை சிறுமியர் லயங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை வாசகர் அறிவர். 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதைச் சட்டம் 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. ஆனால் ஜனவரியில் சப்பாத்தும் கொப்பியும் வாங்க முடியாத வீட்டில், பிள்ளையைப் பாடசாலையை விட்டு நிறுத்துவது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

புனித நிக்கலஸின் திருநாள் டிசெம்பர் 6. மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லி, ஒவ்வொரு டிவிசனிலும் அப்படியான வீடுகள் எவை என்று விசாரிக்கலாம். மேடையும் வேண்டாம், பெயர் வாசிப்பும் வேண்டாம், படம் பிடிப்பும் வேண்டாம். வாங்கும் பிள்ளைக்கு மறுநாள் பாடசாலையில் தலைகுனிவு வரக்கூடாது. பையை வாசலில் வைத்தவர் யாரென்பது சங்கத் தலைவிக்குக்கூடத் தெரியவேண்டியதில்லை.