மூடிய கொப்பரைக்கு ஒரு கண்ணாடிக் கண்

பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது ஆவி. கொப்பரையில் கரும்புச்சாறு பொங்கிப் பாகாக இறுகுவதைக் காய்ச்சுபவர் பார்த்துக்கொண்டே நிற்பார். குமிழி பெருத்து மெதுவாக உடையத் தொடங்கியதும் சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். வெப்பமானி எதுவும் கிடையாது. கண்ணும் விரலும் சொல்வதுதான் பதம்.

அதே மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சாறு அதே சாறுதான், ஆனால் கொப்பரைக்கு மூடி போட்டுவிட்டார்கள். திறந்த தீயில் பாகு கறுக்கும். சர்க்கரையில் ஒரு பங்கும் சிதைந்துபோகும். 1813-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் இதற்கு வழி கண்டார். பாத்திரத்தை மூடி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் அழுத்தம் குறையும். பாகு ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இன்றைய ஆலைகளின் ‘பேன்’ அதன் வாரிசுதான்.

மூடியதில் சர்க்கரை பிழைத்தது, சமைப்பவருக்குக் கண் போயிற்று. போன கண்ணைத் திருப்பிக் கொடுத்ததுதான் சைட் கிளாஸ்: இரும்புச் சுவரில் துளையிட்டுப் பதித்த தடித்த கண்ணாடி. பேனைக் கவனிக்கும் பேன்மேன் அதன் முன்னால் நின்று பாகு எந்த மட்டத்தில் இருக்கிறது, எப்படிக் கொதிக்கிறது, நுரை கட்டுமீறி ஏறுகிறதா என்று பார்க்கிறார். நுரை ஏறினால் ஆவியோடு சர்க்கரையும் பறந்து குளிர்விக்கும் தண்ணீரில் கலந்து வீணாகும். பாகில் சர்க்கரை மணி பிடித்திருக்கிறதா என்று அறிய, கொஞ்சம் பாகை வெளியே எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பிடிப்பதும் உண்டு. கொட்டகைக்காரரின் விரல் சோதனைக்கு இது தம்பி முறை.

ஜன்னல் கண்ணாடியை வெட்டி இங்கே பொருத்த முடியாது. சூடான பாகு பட்டதும் உள்பக்கம் விரியும். வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொள்வதில் கண்ணாடி விரிசல் விடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போரான் ஆக்சைடு சேர்த்து உருவாக்கிய போரோசிலிக்கேட் கண்ணாடி, சூட்டில் சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

அழுத்தத்துக்கு வேறொரு தந்திரம் இருக்கிறது. கண்ணாடியும் கருங்கல்லைப் போல நெருக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். நம் கோயில் மண்டபங்களில் மேலே கிடக்கும் கல் உத்தரம் இழுபட்டு உடையாமலிருக்கத்தான் கல்தூண்கள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே எஃகு வளையத்துக்குள்ளேயே கண்ணாடியை உருக்கி ஆறவிடுகிறார்கள். எஃகு அதிகம் சுருங்கும். கண்ணாடியைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த சிக்கல் இனிமேல்தான் வருகிறது. குழாயில் தெளிந்த தண்ணீர் நிரம்பி ஓடுகிறது. கண்ணாடி வழியே என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! நிரம்பிய குழாயும் காலிக் குழாயும் ஒரே மாதிரி இருக்கும். ஓடும் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் அப்படித்தான். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்றாடியையோ தொங்கும் தகட்டையோ வைக்கிறார்கள். காற்றாடி சுற்றினால் ஓட்டம் உண்டு. காற்றைக் காண மர இலையைப் பார்க்கிறோமே, அந்தக் கணக்குத்தான்.

கரும்புச் சக்கையை எரிக்கும் பாய்லரில் இதே சிக்கல் உயிராபத்தாகிவிடும். தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெடிக்கலாம். தண்ணீருக்கும் நிறமில்லை, நீராவிக்கும் நிறமில்லை. பிறகு மட்டத்தை எப்படிக் காண்பது? கண்ணாடியின் உள்முகத்தில் முக்கோண வரிகளை வெட்டிவிட்டார்கள். நீராவி இருக்கும் பகுதியில், விழுந்த ஒளி அத்தனையும் திரும்பி வந்து வெள்ளியாக மின்னும். தண்ணீர் தொட்டிருக்கும் பகுதியில் ஒளி உள்ளே போய்விடும். அது கறுப்பாகத் தெரியும். வைரத்தை மினுக்க வைக்கும் முழு அக எதிரொளிப்பேதான். மின்சாரமும் வேண்டாம், சாயமும் வேண்டாம். தூரத்திலிருந்தே மட்டம் தெரிந்துவிடும்.

உணர்கருவிகள் மலிந்த காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் ஓர் எண்ணைத்தான் சொல்லும். நுரையையும் நிறத்தையும் கலங்கலையும் கண்ணாடி ஒரே பார்வையில் காட்டிவிடும். துடைக்காவிட்டால் அதுவும் பொய் சொல்லும்: பழைய கறை தண்ணீர் மட்டம் போலவே தோன்றும்.

இதைப் பார்க்க நீங்கள் ஆலைக்குப் போக வேண்டியதில்லை. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்போது பாட்டிலுக்குக் கீழே ஒரு சிறு தெளிந்த அறை தொங்கும். அதுவும் சைட் கிளாஸ்தான். அதற்குள் துளித் துளியாக விழ விடுவதால்தான் நர்ஸால் எண்ண முடிகிறது. குளுக்கோஸ் ஏற்றும் சாதாரணக் குழாய் செட்டில் ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலிட்டர்.