வெடியுப்பிலிருந்து செர்ரிப்பழம் வரை

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாய் நீண்டு கிடக்கும் சிலி தேசம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பை உரத்துக்கும் வெடிமருந்துக்குமாக உலகெங்கும் விற்று, அந்த ஏற்றுமதி வரியையே பெரிதும் நம்பி ராஜ்ய பாரத்தை நடத்தி வந்தது. ஜெர்மானிய ரசாயன விஞ்ஞானி ஹேபர் 1909-இல் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலமாகும் அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே உண்டாக்க வழி கண்டபின், அவ்வியாபாரம் நாளடைவில் க்ஷீணித்து, ஹம்பர்ஸ்டோன் போன்ற வெடியுப்பு ஊர்கள் ஜனசூன்யமாயின. பிறகு தாமிரமே கதியாயிற்று. ஆயினும், பூமத்திய ரேகைக்குத் தெற்கே இயற்கையில் இல்லாத சால்மன் மீனைத் தென்கோடிக் கடற்கழிகளில் வளர்த்தும், மார்கழிக் கோடையில் பழுக்கும் செர்ரியைப் பெட்டி பெட்டியாகக் குளிரூட்டிச் சீனப் புத்தாண்டுச் சந்தைக்குக் கப்பலேற்றியும் அந்த ஜனங்கள் காட்டிவரும் ஊக்கம் மெய்யாகவே போற்றத்தக்கது. இருந்தும், இன்றும் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறையப் பாதி தாமிரத்தினுடையதே.