‘போடி’யை யார் சரிபார்ப்பது?

‘கம்பம்’ என்று கணினியில் அடிக்க ஐந்து தட்டு போதும். தமிழ்99 விசைப்பலகையில் க, ம, ப, ம, கடைசியில் ஒரு புள்ளி. நடுவில் உள்ள ‘ம்’முக்கு நான் புள்ளி வைப்பதே இல்லை. ம-வுக்கு அடுத்து ப வந்தால் மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்கின்றன என்று கண்டுகொண்டு மென்பொருளே வைத்துவிடும். ‘தேனி’க்கு நான்கு தட்டுதான். இருபது வருடமாக அடிக்கிறேன், இன்னும் அந்தப் புள்ளி தானாக வந்து உட்காரும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. ஆனால் காகிதத்தில் உள்ள அமைப்பு தானாகக் கணினிக்குள் போய்விடாது. யாராவது உட்கார்ந்து, எந்த விசைக்குப் பின் எந்த விசை வந்தால் என்ன எழுத்து என்று ஒவ்வொரு விதியாக எழுத வேண்டும். அப்படி எழுதிப் பொதுவில் வைத்த கருவிகளில் பலருக்கும் தெரிந்தது எ-கலப்பை. முகுந்தராஜ் முன்னின்ற ‘தமிழா’ குழு 2000-களின் தொடக்கத்தில் அதை இலவசமாகத் தந்தது. நெல்லும் திராட்சையும் விளையும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரே போதும், மனசுக்குள் வைத்துக்கொள்ள.

எ-கலப்பையின் முதல் பதிப்புகள் கீமேன் என்ற இயந்திரத்தின் மேல் ஓடின. 1993-ல் மார்க் டர்டின் லாவோ மொழிக்காகச் செய்த மென்பொருள் அது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது: தட்டுவதைக் கவனித்து எழுத்தாக மாற்றும் இயந்திரம் வேறு, எந்த மொழிக்கு எந்த விதி என்று சொல்லும் விசைப்பலகைக் கோப்பு வேறு. அதனால் இயந்திரத்தைத் தொடாமலே யார் வேண்டுமானாலும் தன் மொழிக்கு ஒரு விசைப்பலகை எழுதிச் சேர்க்கலாம். 2015-ல் எஸ்.ஐ.எல். நிறுவனம் கீமேனை வாங்கியது. பின்னர் அதன் நிரல் முழுவதும் திறமூலமாயிற்று, அதாவது யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதில் விசைப்பலகைகள் உண்டு.

எழுதியவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். அவற்றை வாங்கிப் பார்த்துக் களஞ்சியத்தில் வைப்பவர்கள் சிறு குழு. அவர்களுக்கு லாவோ தெரியலாம், தமிழ் தெரியாமல் இருக்கலாம். படிக்கத் தெரியாத எழுத்துக்கு வந்த கருவியை எப்படிச் சரிபார்ப்பது?

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர் ‘போடி’யை இப்படி அடிப்பார்: முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால், பிறகு டி. கண் பார்க்கும் வரிசை அது. யூனிகோடு சேமிக்கும் வரிசை வேறு. அங்கே ப முதலில், ஓகாரக் குறி அடுத்து. ஆகவே விசைப்பலகை, முதலில் வந்த கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ப வந்ததும் இடம் மாற்ற வேண்டும். கால் வந்ததும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஓகாரக் குறியாக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஒருவர் மறந்துவிட்டால் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. கொம்பு தனிக் குறியீடு, கால் தனிக் குறியீடு என்று உள்ளே கிடக்கும். பார்வைக்கு அச்சு அசலாகப் ‘போடி’ மாதிரியே இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதத் தெரியாத மென்பொருளில் ‘போடி’ என்று தேடினால் அப்படி அடித்த பக்கம் மட்டும் அகப்படாது. பத்திரத்தில் பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை.

இதை ஓர் அயல்நாட்டுப் பராமரிப்பாளர் கண்ணால் பிடிக்க முடியாது. அவர் தன்னால் முடிந்ததைப் பார்க்கிறார். கீமேனின் விசைப்பலகைக் களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு. மூலக்கோப்பு, உதவிப் பக்கம், எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு, யாரும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். கணினி முதலில் தானாகக் கட்டிப் பார்க்கிறது. பிறகு மனிதர் பார்க்கிறார். தேறியவை ‘ரிலீஸ்’ அடைவுக்கும், முடிவடையாதவை ‘எக்ஸ்பெரிமென்டல்’ அடைவுக்கும் போகின்றன. பழைய காலத்திலிருந்து வந்து இன்றைய தரத்துக்கு எட்டாதவைக்கு ‘லெகசி’. எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவதுதான். சரியில்லை என்று தூக்கி எறிந்துவிடவில்லை. எங்கோ ஒருவர் அதை வைத்துத்தான் தன் மொழியை எழுதிக்கொண்டிருக்கலாம்.

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளிலும் இப்படி ஓர் அடைவு உண்டு, பெயர் ‘கான்ட்ரிப்’. 2005-லிருந்து கிட்டைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோ அதை ஒரு நாற்றங்காலாக வைத்திருந்தார் என்றே சொல்லலாம். பிறர் தந்த கருவிகள் முதலில் அங்கே நிற்கும். வேர் பிடித்தவற்றைப் பிடுங்கி வயலில் நடுவார்கள். கிட்-பி4 என்ற கருவி 2012-ல் அப்படித்தான் வயலுக்கு வந்தது. ஒரே திட்டத்தை இரண்டு அடைவுகளில் திறந்து வேலை பார்க்க உதவிய ஒரு சிறு நிரல் அங்கே வெகுநாள் கிடந்தது. அந்த யோசனை 2015-ல் கிட்டின் சொந்தக் கட்டளையாகவே வந்துவிட்டது.

வாங்கி வைப்பவர் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியை லாஸே காலின் என்ற ஒரே ஆள் பல வருடம் தனியாகப் பார்த்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் தந்து, நம்பிக்கை பெற்று, சாவியையும் வாங்கிக்கொண்டார். வேறு பெயர்களிலிருந்து ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று காலினை நெருக்கினார்கள். 2024-ல் சோதனைக் கோப்புகளுக்குள் கள்ளக் கதவு ஒன்று ஒளிந்து வந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட் தோண்டிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. உலகத்தின் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேருமுன்னே, அந்த ஆண்டு மார்ச் மாதமே அடைத்துவிட்டார்கள்.

பராமரிப்பாளருக்குத் தெரியாததை யார் சொல்வது என்பதற்கு எங்கள் பாசனத்திலேயே பதில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் தேக்கடியில் திறந்துவிட்ட பிறகு அது பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய வேண்டும். தலைமதகில் நிற்பவருக்குக் கடைமடை தெரியாது. அங்கே தண்ணீர் ஏறவில்லை என்றால் கடைமடைக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும். விசைப்பலகைக்குக் கடைமடைக்காரர் எங்கள் ஊர் டிடிபி கடைக்காரர். கல்யாணப் பத்திரிகையும் கிரயப் பத்திரமும் அடிப்பவர். பழைய தட்டச்சு முறை தவிர வேறெதற்கும் அவர் விரல் போகாது. அவரிடம் யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

போன வாரம் யூனிகோடுக்கான ஒரு தட்டச்சு விசைப்பலகையை அவர் கணினியில் ஏற்றினேன். ‘போடி’ என்று அடிக்கச் சொன்னேன். கொம்பைத் தட்டியதும் திரையில் புள்ளி வட்டத்தோடு அது தனியாக நின்றது. “என்னண்ணே இது, எழுத்து ஒடஞ்சிருச்சு?” என்றார். “கொஞ்சம் பொறுங்க தம்பி, ப-வை அடிங்க” என்றேன். அடித்தார். வட்டம் மறைந்தது. கால், பிறகு டி. என் செல்போனில் சாதாரணமாக அடித்த ‘போடி’யை அனுப்பி, அதை வைத்து அவர் கோப்பில் தேடினோம். கிடைத்தது. அடுத்து அவரே, யாரும் சொல்லாமல், ‘கோம்பை’ என்று அடித்துத் தேட ஆரம்பித்தார்.