‘வாட்?’ என்று கேட்ட வாசல்

டெல்நெட் என்று தட்டி, ஏதோ ஒரு பல்கலைக்கழகக் கணினியின் முகவரியையும் பின்னால் 4000 என்ற எண்ணையும் கொடுத்தால், கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். சொன்னதும் வீரனா, திருடனா, பூசாரியா, மந்திரவாதியா என்று அடுத்த கேள்வி. ஒன்றைப் பொறுக்கிவிட்டால் மிட்கார்டு நகரத்துக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதற்குமேல் உங்கள் பாடு. கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்று ஒரு வரி வரும். தாகமாக இருக்கிறது என்று இன்னொன்று. ரொட்டிக் கடை வடக்கிலா தெற்கிலா என்று சொல்ல ஆள் கிடையாது. கையில் விளக்கு இல்லாமல் இருட்டான அறைக்குள் நுழைந்தால் ஒன்றுமே தெரியாது.

1990களின் கடைசியில், மாணவர்களுக்கென்று மலிவாகத் தந்த, எழுத்து மட்டுமே வரும் டயல்-அப் இணைப்பில் நான் முதன்முதலாக இப்படித்தான் போய் நின்றேன். படம் தெரியாத அந்த இணைப்பில் ஆட முடிந்தது மட் மட்டும்தான். உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து, படிப்பதும் தட்டுவதுமாகவே ஆடும் வேட விளையாட்டு அது.

பசி, இருட்டு எல்லாம்கூடப் பரவாயில்லை. கொடுமை, கிளம்பும்போது காத்திருந்தது. இரண்டு மணி நேரம் எலிகளோடு மல்லுக்கட்டி ஒரு வாளும் தோல்கவசமும் சேர்த்துவிட்டு, ‘குவிட்’ அடித்து வெளியே வந்தேன். மறுநாள் போனால் இடுப்பில் துணிகூட இல்லை. சத்திரத்துக்குப் போய், வரவேற்பில் இருக்கும் ஆளிடம் ‘ரென்ட்’ சொல்லி, பொருட்களை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். வராத நாட்களுக்கும் வாடகை ஏறும். கட்டக் காசில்லாவிட்டால் சரக்கு போச்சு. உதவிக் கோப்பில் இதெல்லாம் எழுதித்தான் இருந்தது, கோப்பின் பெயர் தெரிந்தவர்களுக்கு.

இந்த வாடகைச் சட்டம் 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறை மாணவர்கள் ஐந்து பேர் வெளியிட்ட டிக்குமட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் கெடுபிடி இல்லாத மட்டே அபூர்வம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்த முதல் மட்டில், சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்துபோகும். மாதக்கணக்கில் சேர்த்த புள்ளியும் அதோடு சேர்த்து. (மட் என்பது மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். சேற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த முதல் விளையாட்டில் புதையலைக் கொண்டுபோய்ச் சதுப்பில் போட்டால்தான் புள்ளி.) 1,02,400 புள்ளி சேர்த்தவர் விசார்டு ஆவார். அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். வெளியாட்களுக்குப் பல்கலைக்கழகத்துக் கணினி கிடைத்ததே நள்ளிரவுக்குப் பிறகு. அந்த நேரத்துக்குக் கண்விழித்து, தொலைபேசிக் கட்டணம் கட்டி வந்த கூட்டத்தை வா என்று அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் வரிசை நிற்கிற ஓட்டலில் சர்வர் சிரிக்க மாட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை என்ன மாறியது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், புரியாத சொல்லைத் தட்டும்போது விளையாட்டு என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தால் போதும். புதிதாக வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் அதிகம் சந்திக்கிற வரி அதுதான். 1989-இல் ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட்டில் தப்பாகத் தட்டினால் வந்த பதில் ‘வாட் ?’. ஒரே சொல். காது கேட்காத தாத்தாவிடம் கத்துகிற மாதிரி நாமும் சொல்லை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலனில் ஜிம் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட், ‘ஹ?’ என்றதோடு நிற்காமல், உதவிக்கு ‘ஹெல்ப்’ என்று தட்டவும் என ஒரு வாலைச் சேர்த்தது. இன்று மட் கட்டுகிறவர்கள் பலர் பயன்படுத்தும், பைத்தானில் எழுதிய எவெனியாவில் ‘லுக்’ என்பதை ‘லூக்’ என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை, ஒருவேளை ‘லுக்’கைச் சொல்கிறீர்களோ என்று அதுவே கேட்கிறது. பழைய ஆட்கள் இதைச் சொகுசு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளி தடுமாறுகிறார் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்ன வீரம்?

மற்ற மாற்றங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1996-இல் தொடங்கி இன்றும் ஓடும் ஆர்டுவுல்ஃபில் புதியவரை முதலில் அகாடமி ஒன்றில் சேர்க்கிறார்கள். நடப்பது, சண்டை போடுவது, பொருள் வாங்குவது எல்லாம் அறை அறையாகப் பாடம். டெர்ரி ப்ராட்செட்டின் கதையுலகத்தை வைத்துக் கட்டிய டிஸ்க்வேர்ல்டு மட்டில் அதற்கென்றே தனியாக ஒரு பூசணி ஊர். வாடகைச் சட்டம் பெரும்பாலான இடங்களில் மலையேறிவிட்டது. டெல்நெட் என்றால் என்னவென்றே தெரியாமல், பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போய்விடலாம். பக்கத்தில் வரைபடம், மேலே உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை. குறிப்பிட்ட நிலை வரும்வரை புதியவரை யாரும் கொல்ல முடியாது என்ற காப்பும் பல இடங்களில் உண்டு.

இந்த உபசாரம் மனம் திருந்தி வந்ததல்ல. 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், 2004-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்று படம் காட்டும் விளையாட்டுகள் வரிசையாக வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயின. எவர்குவெஸ்ட் ஆடிய பழைய ஆட்களுக்கு அது படம் போட்ட டிக்கு மாதிரியே பட்டது. எங்கள் நிரலில் டிக்குவின் வரி எதுவும் இல்லை என்று அதைச் செய்தவர்கள் 2000-இல் உறுதிமொழிப் பத்திரமே எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. முன்பு உள்ளே யார் யார் என்று பார்க்க ‘ஹூ’ என்று தட்டினால் பெயர்கள் திரையைத் தாண்டி ஓடிய இடங்களில், இப்போது பத்துப் பன்னிரண்டு பெயர். அதிலும் பாதி, கணினியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவை. வரிசை கலைந்த பிறகுதான் சர்வர் சிரிக்கப் பழகினார்.

விட்டுப் போகாத ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு ஆடும் பார்வையற்றவர்கள். எழுத்தாகவே ஓடும் விளையாட்டு என்பதால் அவர்களும் மற்றவர்களும் இங்கே சரிசமம். ஆனால் பழைய மட்களில் நட்சத்திரக் குறியும் கோடுமாக வரைந்த வரைபடம் வந்தால், ஸ்கிரீன் ரீடர் ‘ஸ்டார் ஸ்டார் டேஷ் டேஷ்’ என்று அரை நிமிடம் மந்திரம் ஓதும். அதற்குள் பூதம் அடித்துவிடும். இப்போது பல இடங்களில் நுழையும்போதே ஸ்கிரீன் ரீடரா என்று கேட்டு, ஆமாம் என்றால் அந்தக் கோலங்களையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். அகாடமியைவிட, பூசணி ஊரைவிட, எனக்கு இது பெரிய விஷயம். ஒரு கேள்விதான், அதைக் கேட்க இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

வாடகை தெரியாமல் எல்லாவற்றையும் இழந்து கோயிலில் நின்றேன் என்றேன் அல்லவா? அன்று எங்கிருந்தோ ஒருவர் வந்தார். பெயரைப் பார்த்தால் உயர்ந்த நிலை மந்திரவாதி. ‘என்னப்பா, ரென்ட் எடுக்கலையா?’ என்கிற பாவனையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு, ‘ஃபாலோ’ என்று போட்டு என் பின்னால் வா. போனேன். அவர் தெற்கே போனால் நானும் தெற்கே. ரொட்டி இரண்டு வாங்கித் தந்தார், விளக்கு தந்தார், சத்திரத்துக்குக் கூட்டிப்போய் வரவேற்பு மேசை முன்னால் நிறுத்தினார். எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா, இன்றுவரை தெரியாது. அந்த ஒரு கால்மணி நேரத்துக்காகவே மூன்று வருடம் அங்கே ஆடினேன்.

போன மாதம், டிக்கு வழியில் வந்த இன்னொரு மட்டில் புதுப்பெயரோடு நுழைந்தேன். பாடம் நாற்பது நிமிடம். ஒரு குறை சொல்ல முடியாது; எங்கேயும் தடுக்கி விழவில்லை. நாற்பது நிமிடமும் ஒரு மனிதர்கூடப் பேசவில்லை. விழாததால் தூக்கிவிட ஆள் தேவைப்படவில்லை. விவரம் தெரிந்த நிர்வாகிகள் இதைக் கவனித்துத்தான் புதியவர் பேசத் தனி அலைவரிசை வைத்து, பழைய ஆட்களில் விருப்பமுள்ளவர்களுக்கு உதவியாளர் பட்டம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். நான் போனது நம்மூர்ப் பகல், அவர்களுக்கு நடுராத்திரி.

இரண்டாம் நாள் கோயிலில் நின்றுகொண்டிருந்தபோது, கேள்விப்படாத ஒரு பெயர் உள்ளே வந்தது. முதல் நிலை. நகரவில்லை. புதிதா என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: ‘ஆமாம். இங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று நின்றேன்.’

ஃபாலோ என்று போடச் சொன்னேன். பசி என்பதையே அந்த விளையாட்டில் எப்போதோ எடுத்துவிட்டார்கள், வாடகையும் இல்லை. இருந்தாலும் ரொட்டிக் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.