காசும் கொடுத்து, மந்தையும் ஓட்டணும்... 'ஹார்ஸ் டிரைவ்' சுற்றுலா என்றால் என்ன?

ஒகேனக்கலில் பரிசல் ஏறினால் காசு கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். துடுப்பு போடுவது பரிசல்காரர் வேலை. ஆனால் காசும் கொடுத்து, வேலையும் பார்க்கிற சுற்றுலா ஒன்று இருக்கு. அதுதான் 'ஹார்ஸ் டிரைவ்'. பல நாட்கள் குதிரை மேல் உட்கார்ந்து, ஒரு குதிரை மந்தையையே ஓட்டிக்கொண்டு போகணும். அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்களிலும் ஐஸ்லாந்திலும் இது பிரபலம்.

சாதாரண சவாரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மெரினாவிலோ ஊட்டியிலோ குதிரை ஏறினால், கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்வார். ராஜஸ்தானில் மார்வாரி குதிரைகளில் பல நாள் சஃபாரி நடக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு குதிரை, அவ்வளவுதான். டிரைவில் அப்படி இல்லை. கயிறோ சேணமோ இல்லாத குதிரைகள் கூட்டமாக ஓடும். அவற்றை வழி தவறாமல் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் பயணமே.

எப்படி நடக்கும்?

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே போகும் 'க்யோலுர்' என்ற பழைய மலைப்பாதை இதற்குப் பேர்போனது. முன்னால் வழிகாட்டிகள், நடுவில் மந்தை, பின்னாலும் பக்கவாட்டிலும் விருந்தினர்கள். ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர் கூடப் போகும். ராத்திரி மலைக் குடில்களில் தங்கல்.

மந்தை எதுக்கு, சும்மா அழகுக்கா? இல்லை. அதுதான் மாற்றுக் குதிரைப் படை. காலையில் ஆளைச் சுமந்த குதிரை, மதியம் பாரமில்லாமல் ஓடும். வேறொன்று முறை ஏற்கும். மாற்றும் இடத்தில் விருந்தினர்களே கயிற்றைப் பிடித்து வட்டமாக நிற்பார்கள். அந்த மனித வேலிக்குள் மந்தை நிற்கும்.

இது சுற்றுலாவுக்காகப் புதுசாகக் கண்டுபிடித்தது அல்ல. கோடையில் மலையில் மேயவிட்ட குதிரைகளைக் குளிருக்கு முன் கீழே இறக்குவது அங்குள்ள விவசாயிகளின் வழக்கம். ஸ்காகாஃப்யோர்துர் பகுதியில் செப்டம்பர் கடைசியில் நடக்கும் 'லாஃப்ஸ்கௌலாரேத்' என்ற குதிரைத் திரட்டலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள்.

யார் போகலாம்?

முதல்முறை குதிரை ஏறுபவர்களுக்கு இது சரிப்படாது. பதிவு செய்யும்போதே சவாரி அனுபவம், வயது, உடல் எடை எல்லாம் கேட்பார்கள். எடைக்கு உச்சவரம்பு உண்டு, ஏனென்றால் ஐஸ்லாந்து குதிரைகள் உயரம் குறைந்தவை. இங்கே கூச்சப்பட்டுப் பொய் சொல்வதுதான் பெரிய ஆபத்து. மந்தை ஓடத் தொடங்கினால் நம் குதிரையும் ஓடும். "கொஞ்சம் மெதுவா" என்று கேட்க ஆள் இருக்காது. ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்க ஒருவர் நிற்கணும், தப்பிய குதிரையைப் பிடிக்க இன்னொருவர் போகணும். மந்தையைப் பார்க்க ஆள் குறையும்.

அதனால் பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களில் உள்ள பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்து, நடை மட்டுமல்ல, வேக ஓட்டமும் பயமில்லாமல் கைவந்த பிறகு யோசிப்பது நல்லது. தினமும் பல மணி நேரம் சேணத்தில் உட்காரும் பழக்கமும் வேணும்.

பையில் எதை வைக்கக் கூடாது?

பயிற்சியில் பயன்படுத்திய கையுறை, கடிவாளம், சேணம் எதையும் ஐஸ்லாந்துக்கு எடுத்துப் போக முடியாது. சுமார் ஆயிரம் ஆண்டுகளாக வெளிக் குதிரைகளை உள்ளே விடாத நாடு அது. வெளிநாட்டுக்குப் போன சொந்தக் குதிரையும் திரும்பி வர முடியாது. வெளி நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி அங்குள்ள குதிரைகளுக்குக் குறைவு என்பதால் இவ்வளவு கறார். சவாரி உடைகளைத் துவைத்து, பூட்ஸைக் கிருமிநீக்கம் செய்துதான் கொண்டுபோகணும்.

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அந்த பாலிசியில் குதிரை சவாரி விபத்தும் அடங்குமா என்று தனியாகப் பார்க்கணும்.

நம்ம ஊரில் இது சாத்தியமா?

தருமபுரியில் குதிரை மந்தை இல்லை. ஆனால் மந்தை ஓட்டும் அறிவு இருக்கு. காவிரிக் கரை ஊரான ஆலம்பாடியின் பெயர் கொண்ட மாட்டினத்தை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பட்டி போட்டு மேய்த்தவர்கள் இங்கே உண்டு. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன அந்த இனம் குறைந்துபோய், இன்று அதைக் காக்க மாவட்டத்தில் தனி ஆராய்ச்சி மையமே செயல்படுகிறது.

மேய்ச்சலுக்கும் இடம் சுருங்கிவிட்டது. சரணாலயங்களுக்குள்ளும் புலிகள் காப்பகங்களுக்குள்ளும் கால்நடை மேய்க்கக் கூடாது என 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் 686 சதுர கி.மீ. காடு காவிரி தெற்கு வனஉயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் ஐஸ்லாந்து மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அங்கே விருந்தினர் கொடுக்கும் காசில் குதிரையின் தீவனத்துக்கும் அதை வளர்ப்பவரின் கூலிக்கும் பங்கு போகிறது. மேய்ப்பவரின் வேலைக்கு அங்கே ஒரு விலை இருக்கு. பட்டிக்காரர் வேலைக்கு இங்கே அந்த விலை இன்னும் வரவில்லை.