பெயர் சொல்லி அழைக்கும் கடவுள்

கைவிடப்பட்ட நிலை என்றதும் கல்வாரிச் சிலுவையே நம் நினைவுக்கு வருகிறது. மறுதலித்த பேதுரு, ஓடிப்போன சீடர்கள், தந்தையும் கைவிட்டாரோ எனக் கதறிய மகன். ஆனால் இந்தக் கதறல் கல்வாரியில் தொடங்கவில்லை. தொடக்க நூலிலேயே ஓர் அடிமைப் பெண்ணின் அழுகையாக அதைக் கேட்கிறோம்.

அவர் எகிப்து நாட்டைச் சேர்ந்த ஆகார். பிள்ளையில்லாத சாராய் இவரைத் தம் கணவர் ஆபிராமுக்குக் கொடுத்தார். ஆகார் கருவுற்றதும் தலைவியை ஏளனமாக நோக்கினார். தலைவியோ அவரைக் கொடுமைப்படுத்தினார். ஆகார் பாலைநிலத்திற்கு ஓடிப்போனார் (தொநூ 16). இப்பகுதியைக் கவனமாக வாசித்தால் ஒன்று புலப்படும். சாராயும் ஆபிராமும் பேசுகையில் ஒருமுறைகூட ஆகாரின் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அவர் வெறும் பணிப்பெண். நீரூற்றருகே அவரைக் கண்ட ஆண்டவரின் தூதரே முதலில் பெயர் சொல்லி அழைக்கிறார். அவரைத் திரும்பிப் போகச் சொன்னது ஏன் என்பது நமக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆயினும், தம்மைக் காண்கின்ற இறைவன் என்று கடவுளுக்கே பெயர் சூட்டிவிட்டுத்தான் ஆகார் திரும்புகிறார். விவிலியத்தில் கடவுளுக்கு முதன்முதலில் பெயர் சூட்டியவர் உரிமையற்ற இந்த அயல்நாட்டுப் பெண்!

ஆண்டுகள் பல கழிந்து, ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் விருந்து நடந்தது. அதன்பின், அடிமைப் பெண்ணையும் மகனையும் துரத்திவிடும்படி சாரா கேட்டார். ஆபிரகாம் வேதனையுற்றார். அச்சிறுவனையும் ஓர் இனமாக்குவதாகக் கடவுள் வாக்களித்தார். மறுநாள் அதிகாலையில் கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்து ஆபிரகாம் இருவரையும் அனுப்பிவிட்டார் (தொநூ 21). நம்பிக்கையின் தந்தை என நாம் போற்றும் அதே ஆபிரகாம்தான். விவிலியம் இதை மூடிமறைக்கவில்லை.

பெயேர்செபா பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைக் காணச் சகிக்காமல், அவனைப் புதரடியில் விட்டுவிட்டு அம்பு எறியும் தூரத்தில் போய் உட்கார்ந்தார் தாய். இப்பகுதி முழுவதிலும் சிறுவனின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அவனது குரலைக் கடவுள் கேட்டார் என எழுதப்பட்டுள்ளது. இஸ்மயேல் என்ற பெயரின் பொருளே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான். தூதர் மீண்டும் ஆகாரைப் பெயர் சொல்லி அழைக்க, அவர் கண்கள் திறந்தன. அருகிலேயே கிணறு இருந்தது.

சிலுவையில் இயேசு எழுப்பிய குரல் 22-ஆம் திருப்பாடலின் தொடக்கம். அதே திருப்பாடல், துன்புற்றவரின் மன்றாட்டை ஆண்டவர் கேட்டார் என்றும் அறிக்கையிடுகிறது (22:24). பாலைநிலத்துச் சிறுவனின் குரலைக் கேட்டவரிடமே மகனும் கதறினார்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் வேலைக்காரி என்றும் குடிகாரனின் மகன் என்றும் மட்டுமே அறியப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களது திருமுழுக்குப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆபிரகாம் இறந்தபோது மக்பேலா குகையில் அவரை அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மயேலும் (தொநூ 25:9). துரத்தப்பட்ட மகன் தந்தையை அடக்கம் செய்ய வந்திருந்தார். அதன்பின் ஈசாக்கு குடியிருந்த இடம், ஓடிப்போன ஆகாரை முன்பு ஆண்டவர் கண்ட அந்த நீரூற்றின் அருகே.